நூறாண்டு வாழும் ஆழ்கடல் மீன்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

முன்னுரை

பொருளாதார விலங்கியல் பாடத்தில் இயற்கை வளங்களை இரண்டாகப் பிரித்துப் படிக்கிறோம். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை ஒருமுறை எடுத்தால் தீர்ந்துபோகும் வளங்கள். காடு, கால்நடை, மீன் ஆகியவை தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் வளங்கள். தேர்வில் இவ்வாறு எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். ஆனால் புதுப்பித்துக்கொள்ள எத்தனை காலம் ஆகும் என்ற கேள்வியை அந்தப் பாடம் எழுப்புவதில்லை. அக்கேள்விக்கு விடை தரும் மீன் ஒன்றைப் பற்றி நூலகத்தில் படிக்க நேர்ந்தது. ‘ஆரஞ்சு ரஃபி’ என்று உலகச் சந்தையில் அழைக்கப்படும் ஆழ்கடல் உணவு மீனே அது. அதன் உடலமைப்பு, வாழிடம், வாழ்க்கை வரலாறு ஆகியவற்றையும், மனிதன் அதனைப் பிடித்த கதையையும் சக மாணவர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் உருவமும்

இம்மீனின் விலங்கியல் பெயர் ஹோப்லோஸ்டீத்தஸ் அட்லாண்டிகஸ். நார்வே நாட்டு விலங்கியல் அறிஞர் ராபர்ட் கோலெட் 1889ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டார். டிராக்கிக்திடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்து மீன்களின் தலையில், தோலுக்கு அடியில், சளி போன்ற திரவம் நிறைந்த கால்வாய்கள் ஓடுகின்றன. அதனால் ஆங்கிலத்தில் இவற்றுக்கு ‘ஸ்லைம்ஹெட்’, அதாவது சளித்தலையன், என்று பெயர். அப்பெயரைச் சொல்லி யாரிடமும் மீன் விற்க முடியாது அல்லவா? உணவுச் சந்தைக்கு வந்தபோது ‘ஆரஞ்சு ரஃபி’ என்ற கவர்ச்சியான பெயர் நிலைத்துவிட்டது.

உடல் பக்கவாட்டில் தட்டையானது, உயரம் மிகுந்தது. தலை பெரியது, எலும்புகள் வரம்பு வரம்பாகத் துருத்தி நிற்பது. வாய் அகன்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். கண்கள் பெரியவை. வயிற்றின் அடிப்புறத்தில் தடித்த செதில்கள் ஒரு வரிசையாக அமைந்து கேடயம் போலக் காக்கின்றன. உயிருடன் இருக்கையில் செங்கல் நிறமாக இருக்கும் இம்மீன், இறந்தபின் ஆரஞ்சு நிறமாக வெளிறுகிறது. சந்தைப் பெயரில் உள்ள நிறம் இறந்த மீனின் நிறமே. வலையில் அகப்படுபவை பெரும்பாலும் 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளம் உள்ளவை. அரிதாக 75 சென்டிமீட்டர் வரை வளர்ந்தவையும் பதிவாகியுள்ளன.

ஆழ்கடலில் வாழும் மீனுக்குச் சிவப்பு நிறம் எதற்கு என்ற ஐயம் எழலாம். சூரிய ஒளி கடல்நீரில் இறங்கும்போது சிவப்புக் கதிர்களே முதலில் உறிஞ்சப்படுகின்றன. மிகத் தொலைவு இறங்கக்கூடியது நீல ஒளி. ஆழ்கடல் உயிரினங்கள் தாமே உமிழும் ஒளியும் பெரும்பாலும் நீலமே. சிவப்பு நிறத் தோல் நீல ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடுகிறது. ஆகவே அவ்விருளில் சிவப்பு மீன் கறுப்பு மீனாகவே தோன்றும். நம் கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும் நிறம், அதன் இருப்பிடத்தில் மறைந்து வாழ உதவும் போர்வையாகும்.

வாழிடம்

ஐஸ்லாந்திலிருந்து மொராக்கோ வரையிலான வடகிழக்கு அட்லாண்டிக், நமீபியா, தென் ஆப்பிரிக்கா, இந்துமாக்கடலின் தென்பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்கடல், நியூசிலாந்து, சிலி எனப் பல கடல்களில் இம்மீன் பரவியுள்ளது. பெரும்பாலும் 700 முதல் 1,200 மீட்டர் வரையிலான ஆழத்தில் வாழ்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதை இயற்பியலில் படித்திருக்கிறோம். அவ்வாறெனில் 1,000 மீட்டர் ஆழத்தில் கடல் மட்டத்தைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு அழுத்தம் இருக்கும். நீரின் வெப்பநிலை சுமார் 4 முதல் 7 டிகிரி சென்டிகிரேடு. தாவர மிதவையுயிரிகள் வளரும் அளவுக்கு அங்கே ஒளி எட்டாது. எனவே உணவு முழுவதும் மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்தாக வேண்டும்.

இங்குதான் கடலடி மலைகளின் பங்கு வருகிறது. கடலடியில் பழைய எரிமலைகள் பல, நீர்மட்டத்தை எட்டாமல் மூழ்கி நிற்கின்றன. ஆழ்நீரோட்டம் இம்மலைகளின் மீது மோதும்போது விரைவு கூடுகிறது. ஓடும் நீர் இறால் வகைகளையும் சிறுமீன்களையும் சுமந்துகொண்டு மலையுச்சியைக் கடந்து செல்கிறது. ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு அமர்ந்திருப்பவரைப் போல, ஆரஞ்சு ரஃபி இம்மலைகளையும் கண்டச் சரிவுகளையும் அண்டி நின்று, நீரோட்டம் கொண்டுவருவதைப் பிடித்து உண்கிறது. நீரோட்டத்தை எதிர்த்து நிற்க வேண்டியிருப்பதால் இதன் தசை உறுதியானது. ஆழ்கடல் மீன்கள் பலவற்றின் தசை நீர்த்துக் கொழகொழவென்று இருக்கும். இம்மீனின் தசையோ வெண்மையாகவும் கெட்டியாகவும் இருக்கிறது. இது சிறந்த உணவு மீனாக மதிக்கப்படுவதற்கு அதுவே காரணம். மலையுச்சியில் வாழத் தந்த வலிமையே அதனை மனிதனின் தட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

அதே மலையுச்சிகளில் குளிர்நீர்ப் பவளங்களும் கடற்பஞ்சுகளும் அடர்ந்து வளர்கின்றன. மன்னார் வளைகுடாவில் நாம் அறிந்த பவளங்கள் சூரிய ஒளியை நம்பி வாழ்பவை. ஆழ்கடல் பவளங்களோ ஒளியின்றி, நீரோட்டம் தரும் உணவுத் துணுக்குகளை மட்டும் கொண்டு, மிக மெதுவாக வளர்கின்றன.

உணவும் மிதத்தலும்

இளம் மீன்கள் சிறு ஓட்டுடலிகளை உண்கின்றன. வளர்ந்தவை இறால், சிறுமீன், கணவாய் ஆகியவற்றை உண்கின்றன. ஆழ்கடல் சுறாக்களும் பெருங்கணவாய்களும் இம்மீனைத் தின்னும் பகைவர்கள்.

எலும்பு மீன்கள் நீரில் மிதப்பதற்குக் காற்றுப்பை உதவுகிறது என்பது நாம் அறிந்ததே. வளர்ந்த ஆரஞ்சு ரஃபியின் காற்றுப்பையில் காற்றுக்குப் பதிலாகக் கொழுப்பு நிறைந்துள்ளது. அழுத்தத்தால் வாயு சுருங்கும். கொழுப்போ அவ்வளவு சுருங்குவதில்லை. தோலுக்கு அடியிலும் தலையெலும்புப் பகுதியிலும் கொழுப்பு சேமிக்கப்படுகிறது. இக்கொழுப்பின் பெரும்பகுதி நம் உடலில் இருப்பது போன்ற டிரைகிளிசரைடு வகையன்று. மெழுகு எஸ்டர் என்னும் வகையாகும். அது நீரைவிட இலேசானது, ஆகையால் மீனைத் தாங்கிப் பிடிக்கிறது. மனிதனால் மெழுகு எஸ்டரைச் செரிக்க இயலாது. மிகுதியாக உண்டால் வயிற்றுப்போக்கு ஏற்படும். அதனால் இம்மீனைத் தொழிற்சாலையில் பதப்படுத்தும்போது தோலை மட்டும் உரிப்பதில்லை. தோலோடு ஒட்டிய கொழுப்பு அடுக்கையும் சேர்த்து ஆழமாகச் சீவி எடுத்துவிடுகிறார்கள்.

இனப்பெருக்கம்

தென் அரைக்கோளத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு தொடக்கம் வரையிலான குளிர்காலத்தில் இம்மீன்கள் முட்டையிடுகின்றன. அப்போது பரந்த பரப்பில் சிதறி வாழும் மீன்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட மலையுச்சிகளிலும் சரிவுகளிலும் வந்து கூடுகின்றன. நம் ஊர்த் திருவிழாவுக்கு வெளியூரில் இருப்பவர்களெல்லாம் வந்து சேர்வதைப் போன்றது இது. கடலடியிலிருந்து எழும் கோபுரம் போல மீன்கூட்டம் செங்குத்தாக உயர்ந்து நிற்கும். கருவுறுதல் உடலுக்கு வெளியே நிகழ்கிறது. முட்டைகள் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டம் உள்ளவை. அவை மிதந்து மேல்நோக்கிச் சென்று, பொரிக்கும் காலம் நெருங்கும்போது மீண்டும் ஆழத்தை நோக்கி இறங்குகின்றன.

ஒரு கிலோ எடையுள்ள பெண்மீன் ஏறத்தாழ 22,000 முட்டைகள் இடுகிறது. கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இலட்சக்கணக்கில் முட்டையிடும் கடல்மீன்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. மேலும் வளர்ந்த பெண்மீன்கள் எல்லாமே ஒவ்வோர் ஆண்டும் முட்டையிடுவதில்லை. முட்டையிட்டாலும் எல்லா ஆண்டும் குஞ்சுகள் ஒரே அளவில் பிழைத்து வளர்வதில்லை. சில நல்ல ஆண்டுகளில் பெருகி, நீண்ட இடைவெளியில் தேங்கி நிற்பதே இதன் இயல்பு. ஆயுள் நெடியதாக இருக்கும் வரை இதனால் தீங்கில்லை. பல பத்தாண்டுகள் முட்டையிடும் தாய்க்கு, அவற்றுள் ஒரு சில ஆண்டுகள் நன்றாக அமைந்தாலே போதும்.

வயதைக் கண்டறிதல்

அந்த ஆயுள் எவ்வளவு? இக்கட்டுரையின் உயிர்நாடி இக்கேள்வியே.

மீனின் உட்செவியில் சுண்ணாம்புப் பொருளால் ஆன காதுக்கற்கள் உள்ளன. நம் கடற்கரை ஊர்களில் கத்தாழை மீனை அறுத்தவர்கள் எல்லோரும் அதன் தலையில் வெண்ணிறக் கல் இருப்பதைக் கண்டிருப்பர். எங்கள் ஆய்வகத்திலும் கத்தாழையின் காதுக்கல்லை எடுத்து, தேய்த்து மெல்லியதாக்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மரத்தின் குறுக்குவெட்டில் தெரிவதைப் போன்ற வளையங்கள் அதில் தெரிந்தன. மீன் வளர வளரக் கல்லும் படிவு படிவாக வளர்கிறது. வளர்ச்சி விரைந்தும் மந்தமாகியும் மாறிவருவதால் இவ்வளையங்கள் தோன்றுகின்றன. குளிர்க் கடல்களில் ஓர் ஆண்டுக்கு ஒரு வளையம் என்று கணக்கிட இயலும்.

ஆரஞ்சு ரஃபியின் காதுக்கல்லை மேற்புறமாக மட்டும் நோக்கினால் சில வளையங்களே தெரியும். முழு வரலாறும் வெளிப்பட வேண்டுமாயின் கல்லைக் குறுக்கே அறுத்து மெல்லிய சீவலாக்க வேண்டும். அப்படிச் செய்தபோது, விளிம்பை ஒட்டி நூலிழைபோல் நெருங்கிய வளையங்கள் நூற்றுக்கும் மேல் தென்பட்டன. ஒரு மீன் நூறாண்டு வாழுமா என்று பலர் ஐயுற்றனர். வளையம் ஒவ்வொன்றும் ஓர் ஆண்டுதானா என்பதற்கு வேறு வகையான சான்று தேவைப்பட்டது.

அச்சான்றை அணு இயற்பியல் தந்தது. கடல்நீரில் மிகச் சிறிய அளவில் ரேடியம் 226 உள்ளது. காதுக்கல் உருவாகும்போது கால்சியத்துடன் அதுவும் கல்லில் சேர்கிறது. ரேடியம் சிதைந்து, இடைப்பட்ட தனிமங்கள் வழியாக, காரீயம் 210 ஆக மாறுகிறது. ரேடியம் 226இன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள், காரீயம் 210இன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள். கல்லின் நடுப்பகுதியில் இவ்விரண்டும் எந்த விகிதத்தில் உள்ளன என்று அளந்தால், அக்கல் உருவாகி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்கிடலாம். ஃபென்டன், ஷார்ட், ரிட்ஸ் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்திரேலியக் கடல் மீன்களில் இம்முறையைக் கையாண்டு 1991இல் முடிவை வெளியிட்டனர். சுமார் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன்கள் 77 முதல் 149 வயது வரை உடையவை என்று அவர்கள் கண்டனர். பின்னர் நடந்த ஆய்வுகளும் இம்மீன் நூறாண்டுக்கு மேல் வாழ்வதை உறுதி செய்தன. 2015இல் பிடிக்கப்பட்ட ஒரு மீனுக்கு 230 வயதுக்கு மேல் இருக்கும் என்று நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் கணித்துள்ளனர். அப்படியானால், 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது, அந்த மீன் ஏற்கெனவே கடலில் நீந்திக்கொண்டிருந்தது!

இம்மீன் முதன்முறையாக இனப்பெருக்கம் செய்யும் வயது 20 முதல் 40 ஆண்டுகள். பருவம் எய்தியபின் உடல் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஆகவே 40 சென்டிமீட்டர் மீன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வயது 40 என்றும் சொல்ல முடியாது, 140 என்றும் சொல்ல முடியாது. அளவை வைத்து வயதைக் கணிக்கும் நம் வழக்கமான முறை இங்கே பயன்படாது.

பிடிப்பின் வரலாறு

நியூசிலாந்து 1978இல் தன் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை பொருளாதார எல்லையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதையடுத்து, நாட்டின் கிழக்கே உள்ள சாத்தம் மேடு என்னும் கடலடிப் பகுதியில் இம்மீனைப் பிடிக்கும் தொழில் வளர்ந்தது. எதிரொலிமானியின் திரையில் மலையுச்சிக் கூட்டம் தெளிவாகத் தெரியும். அதன்மேல் இழுவலையை இறக்கினால் சில நிமிட இழுப்பிலேயே பல டன் மீன் கிடைக்கும். தோல் சீவிய, முள் நீக்கிய வெண்ணிறத் துண்டங்கள் உறைபதனம் செய்யப்பட்டு அமெரிக்கச் சந்தைக்குச் சென்றன. 1980களின் இறுதியில் நியூசிலாந்தின் பிடிப்பு ஆண்டுக்கு 50,000 டன்னைத் தாண்டியது. ஆஸ்திரேலியாவில் தாஸ்மானியாவின் கிழக்கே செயின்ட் ஹெலன்ஸ் மலை என்னும் கடலடி மலையில் 1989இல் பெருங்கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கும் கப்பல்கள் குவிந்தன.

ஆண்டுகளைக் கவனியுங்கள். 149 வயது என்ற முடிவு அச்சில் வந்தது 1991இல். அதற்குள் முதன்மையான பிடிப்புத்தளங்கள் பலவற்றில் பெரும்பகுதி மீன் பிடிக்கப்பட்டுவிட்டது. மீனின் வயது தெரியுமுன்பே மீன் விற்றுத் தீர்ந்தது.

இதனைக் கணக்கின் மூலம் விளக்கலாம். ஒரு மீன்கூட்டத்தை வங்கியில் போட்ட முதலாகக் கொள்வோம். ஆண்டுதோறும் புதிதாக வளரும் மீன் அதன் வட்டி. நம் சாளை மீன் ஏறத்தாழ ஓராண்டில் பருவம் எய்தி, இரண்டு மூன்று ஆண்டுகளில் வாழ்வை முடித்துக்கொள்கிறது. அதன் வட்டி விகிதம் மிக உயர்வு. ஆரஞ்சு ரஃபியில், பிடிப்பு தொடங்குமுன் இருந்த மொத்த அளவில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே ஆண்டுதோறும் எடுக்கத் தக்கது என்று மீன்வள அறிஞர்கள் பின்னர் கணித்தனர். எடுத்துக்காட்டாக, ஒரு மலையில் 1,00,000 டன் மீன் இருப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு 1,000 முதல் 2,000 டன் வரைதான் எடுக்கலாம். 10,000 டன் எடுத்தால் அதில் எட்டாயிரத்துக்கு மேல் முதலே கரைகிறது. தொடக்க ஆண்டுகளில் கிடைத்த பெரும் பிடிப்பு வட்டியன்று. நூறாண்டுக் காலம் சேர்ந்த முதல் அது. நம் உழவர் மொழியில் சொன்னால், விதைநெல்லைக் குத்திப் பொங்கிய கதை.

கட்டுப்பாடு இல்லாமலும் இல்லை. நியூசிலாந்து 1986இல் மீன்பிடி ஒதுக்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை டன் என்று நிலையான உரிமை வழங்கப்பட்டது. மீன் குறைந்தபோது அவ்வுரிமையைக் குறைக்க அரசு விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டிய நிலை வந்தது. எனவே 1990இல் டன் கணக்கை விடுத்து, மொத்த அனுமதியில் இத்தனை விழுக்காடு என்று உரிமை மாற்றி அமைக்கப்பட்டது. மேற்கே உள்ள சேலஞ்சர் மேட்டில் மீன் மிகவும் அருகியதால் 2000இல் அப்பகுதி மூடப்பட்டு, 10 ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் சிறிய அளவில் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியா 2006இல் இம்மீனைப் பாதுகாப்பைச் சார்ந்து வாழும் இனம் எனச் சட்டப்படி அறிவித்தது. தாஸ்மானியாவின் கிழக்கே மட்டும் ஓரளவு மீட்சி தெரிந்ததால் 2015இல் சிறிய ஒதுக்கீடு வழங்கப்பட்டது. வடகிழக்கு அட்லாண்டிக்கில் 1990களின் தொடக்கத்தில் பிடிப்பு பெருகி விரைவில் சரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் தன் அனுமதி அளவைச் சுழியமாக்கியது. நமீபியாவில் 1990களின் நடுவில் தொடங்கிய தொழில் சில ஆண்டுகளிலேயே நொடித்தது. ஓரிடத்தில் கற்ற பாடம் அடுத்த இடத்துக்குக் கப்பலைவிட மெதுவாகவே சென்றது.

மீன் மட்டுமா குறைந்தது? கனமான இழுவலை மலையுச்சியில் உரசிச் சென்ற இடமெல்லாம் பவளங்கள் நொறுங்கின. தாஸ்மானியாவின் தெற்கே ஆய்வாளர்கள் ஒளிப்படக் கருவியை இறக்கிப் பார்த்தனர். பிடிப்பு நிகழாத மலைகள் பவளத்தால் மூடப்பட்டிருந்தன. மிகுதியாகப் பிடிப்பு நிகழ்ந்த மலைகளில் பெரும்பகுதி வெறும் பாறையே எஞ்சியிருந்தது. அம்மலைகளில் ஒரு பகுதி 1999இல் கடல்சார் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தன் கடற்பகுதியில் 800 மீட்டருக்குக் கீழே அடிமட்ட இழுவலையை 2016இல் தடை செய்தது.

நாம் கற்க வேண்டியது

இது தொலைதூரக் கடலின் கதைதானே என்று நாம் இருந்துவிட முடியாது. ஹோப்லோஸ்டீத்தஸ் பேரினத்தைச் சேர்ந்த சிறு மீன்கள் இந்தியக் கடலின் ஆழ்பகுதியிலும் பதிவாகியுள்ளன. 1984 முதல் பணியாற்றிய ‘சாகர் சம்பதா’ என்னும் ஆய்வுக் கப்பல் நம் ஆழ்கடல் மீன்களைப் பற்றி நிறைய அறிவித்துள்ளது. கரையோரத்தில் மீன் குறையக் குறைய, ஆழ்கடலுக்குச் செல்லுங்கள் என்ற அறிவுரை நம் மீனவர்களுக்கும் வழங்கப்படுகிறது. கரையோர நெரிசலைக் குறைக்க அது தேவையாகவும் இருக்கலாம். அவர்களுடைய பிழைப்பைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஆழம் கூடக்கூடக் குளிர் கூடுகிறது, உணவு அருகுகிறது. அத்தகைய இடத்தில் வாழும் உயிர்களுள் பல மெதுவாக வளர்ந்து, காலம் தாழ்த்திப் பருவம் எய்துகின்றன. சாளைக்கும் நெத்திலிக்கும் பொருந்தும் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. புதிய ஆழ்கடல் மீன் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவருமுன், அது எந்த வயதில் முட்டையிடுகிறது, எத்தனை ஆண்டு வாழ்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்காவது விடை கண்டாக வேண்டும். அவ்விடை பெருஞ்செலவில் கிடைப்பதன்று. கடுகளவும் பட்டாணி அளவும் உள்ள காதுக்கற்களை அறுத்து, பொறுமையாக வளையம் எண்ணும் பணி அது. விலங்கியல் மாணவர்களாகிய நாம் செய்யக்கூடிய பணியும்கூட.

முடிவுரை

மீன்வளம் புதுப்பிக்கத்தக்க வளம் என்பது தவறான பாடமன்று, முற்றுப்பெறாத பாடம். எந்த மீன், எத்தனை ஆண்டில் என்ற இரண்டு சொற்றொடர்களை அதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். சாளைக்கு அந்தக் காலம் ஒன்றிரண்டு ஆண்டுகள். ஆரஞ்சு ரஃபிக்கு அது ஒரு மனித ஆயுளையும் கடந்தது. 1980களில் காலியான கடலடி மலை ஒன்றில் அன்று பிறந்த குஞ்சு, இன்றுதான் தன் முதல் முட்டையை இடும் வயதுக்கு வந்திருக்கும். அது தன் முழு ஆயுளையும் வாழ்ந்து முடிக்கிறதா என்று காண்பதற்கு நம்மில் எவரும் இருக்கப்போவதில்லை. அதனை வாழவிடும் முடிவை எடுக்க வேண்டியவர்கள் மட்டும் நாமே.